ஆயுத பூஜையில் நான் செத்துப்போன கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துக்கத்தில் இருக்கிறவனை எப்படியாவது சிரிக்க வைத்துவிட்டால் துக்கம் ஓடிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். தலைவலிக்காரனைப் பிடித்து உட்காரவைத்துத் தைலம் தேய்ப்பார்கள் பாருங்கள், அதுமாதிரி யாராவது முகத்தைத் தொங்கப்போட்டிருந்தால் ஒரு ஜோக்கை எடுத்துத் தேய்த்துவிடுவேன். எரிகிறதா குளிர்கிறதா என்று கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷ வாக்கில் ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கல்லாவிப் பக்கம். வீட்டில் விவசாயம். எனக்கு மாட்டைப் பிடிக்கவும் தெரியவில்லை, மாட்டுக்கு என்னைப் பிடிக்கவும் இல்லை, அதனால் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு. வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அந்தத் தொட்டியடியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே குடத்தில் நிரம்பும்.

என்னோடு அறையில் தங்கியிருந்தவன் திருநெல்வேலிச் சீமைக்காரன். அதே கம்பெனியில் கிரைண்டிங் பிரிவு. சின்ன வயதிலேயே அப்பா போய்விட, அவனை வளர்த்தது, படிக்கவைத்தது, ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டது எல்லாம் அவன் அண்ணன்தான். அண்ணன் லாரி டிரைவர். எப்போதாவது பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு இந்த வழியாகப் போனால், லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வீட்டு வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அவர் வந்துபோன நாளில் இவன் நாள் பூராவும் விசிலடிப்பான்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் அண்ணன் லாரி விபத்தில் இறந்துபோனார். கைபேசி இல்லாத கை எங்களுடையது. வீட்டு ஓனர் போனுக்குச் செய்தி வந்து, அதை அவர் கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனியில் இவனை மெஷினிலிருந்து கூப்பிட்டுச் சொல்லுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. சேலம் போய், மதுரை போய், அங்கே பஸ் கிடைக்காமல் நின்று, அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிக்கொடுத்த உடம்பு, வெயில் வேறு, வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். அவன் பார்த்தது மண்ணைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பி வந்தவன் மறுநாளே ஷிப்டுக்குப் போய்விட்டான். அழவில்லை. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் என்ற சொல்லையே வாயிலிருந்து எடுக்கவில்லை. வயதில் மூத்தவர்களைக்கூட "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தான். ஊரிலிருந்து அண்ணன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அது டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. சோற்றைப் பிசைவான், அப்படியே பார்த்துக்கொண்டிருப்பான், தட்டைக் கழுவி வைத்துவிடுவான். சட்டை ஆளை விட்டுத் தனியாகத் தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் சுழலும் கல்லுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றவனை சூப்பர்வைசர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். இவன் இப்படியே போனால் அண்ணன் போன இடத்துக்கு இவனும் போய்விடுவான் என்று எனக்குத் தோன்றியது.

உடனே வைத்தியத்தை ஆரம்பித்தேன். வேறென்ன, தைலம்தான். மேனேஜர் நடப்பதுபோல் அறைக்குள் நடந்துகாட்டினேன். ஷிப்டு சங்கு ஊதுவதுபோல் ஊதி எழுப்பினேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். அவன் ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டுவான், ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டுவதுபோல. அவர் பார்த்து முடித்ததும் மூடிக்கொள்வது மாதிரி மூடிக்கொள்வான்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் குந்தாரப்பள்ளிக்கார அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அக்காவுக்கு நல்ல கனத்த குரல். தொட்டியடியில் அவர் பேசினால் தெருமுனை டீக்கடையில் பதில் சொல்லுவார்கள். என் கூத்தையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது. ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏம்பா, உன் ஜோக்கக் கேட்டு எங்கூட்டு எரும கூட பால் சுரக்காது. அந்தப் புள்ளய விட்டுத் தொலயேன்" என்றார். எருமைக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. ஓசூர்க் கம்பெனிகளில் அது எப்படிப்பட்ட நாள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நிற்கவைத்துவிடுவோம். அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு உள்ளே போகலாம். மனைவிமார்கள் வந்து, நம்ம ஆள் இத்தனை நாளாய் இந்த ஆயில் நாற்றத்திலா இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பூஜை முடிந்து பொரி கொடுப்பதற்கு முன்னால் தொழிலாளர்களின் கலை நிகழ்ச்சி உண்டு. அதில் நாடகம் எப்போதும் என் பொறுப்பு. எழுதுவது நான், இயக்குவது நான், அதிக வசனம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

அந்த வருஷம் நான் எழுதியது இது: ஊர்ப் பெரிய மனுஷன் ஒருவர், தான் செத்தால் யார் உண்மையாக அழுவார்கள் என்று பார்க்க, செத்தவர்போல் படுத்துக்கொள்கிறார். மனைவி வந்து எந்தப் புடவையில் அழுதால் எடுப்பாக இருக்கும் என்று யோசிப்பாள். மைத்துனன் சாப்பாட்டில் வடை உண்டா என்பான். கடைசியில் தம்பி வருவான். "அண்ணே, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவான். அழுது முடித்து, மெதுவாகக் குனிந்து, மோட்டார் சைக்கிள் சாவியை எங்கே வைத்தாய் என்று பிணத்திடமே கேட்பான். பொறுக்கமுடியாமல் பிணம் எழுந்து உட்கார்ந்து இரண்டு பக்க வசனம் பேசும். பிணம் நான்.

மேனேஜர் கேட்டுவிட்டு, மங்களகரமான நாளில் பிணத்தைக் கொண்டுவந்து வைக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்றார். அது கடைசியில் எழுந்துவிடும் சார், செத்தவன் பிழைத்து எழுவதைவிட மங்களம் உண்டா என்று ஒரு போடு போட்டேன். அவர் விரலை நீட்டி, "ஏந்திரிக்கணும். ஏந்திரிக்கலேன்னா நாளையில இருந்து நீ வர வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுமதித்தார்.

அறை நண்பனை நாடகத்தில் இழுத்துவிட்டால் தேறிவிடுவான் என்பது என் கணக்கு. ஆனால் நடிக்கச் சொன்னால் வரமாட்டான். அதனால் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலையைக் கொடுத்தேன். ஒத்திகையில் எல்லாரும் சிரித்துச் சிரித்து வசனத்தை மறப்பார்கள். சிரிக்காதவன் அவன் ஒருத்தன்தான். தம்பி வசனத்தை மட்டும் முதல் வார்த்தையை விட்டுவிட்டு, 'என்ன விட்டுட்டு' என்றுதான் எடுத்துக்கொடுப்பான். ஒத்திகை முடிவதற்குள் முழு நாடகமும் அவனுக்கு மனப்பாடம்.

அன்று காலை பூஜையெல்லாம் ஆகிவிட்டது. லோடு ஏற்றும் இடத்தில் மரப் பலகைகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து மேடை. ஒப்பனை முடிந்து மணி அடிக்கப் போகும் நேரத்தில், தம்பியாக நடிக்க வேண்டியவனுக்குச் செய்தி வந்தது, மனைவிக்குப் பிரசவ வலி என்று. ஆள் அப்படியே ஓடினான். ஒட்டு மீசையோடு பிரசவ வார்டுக்குள் நுழைந்த அப்பன் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நான் திரும்பி அறை நண்பனைப் பார்த்தேன். அவனுக்குத்தான் எல்லா வசனமும் தெரியுமே. துண்டை எடுத்து அவன் தோளில் போட்டு, அஞ்சு நிமிஷ வேலை, ஏறிவிடு என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற ஆளே இல்லையாலே?"

இல்லை என்றேன். அவன் அப்படிக் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் உறைத்தது. அக்காவின் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு மட்டும் உறைக்கவில்லை. மூக்கில் வைத்த பஞ்சு சமமாக இருக்கிறதா என்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும். ஸ்டோர்ஸில் ஆனேக்கல்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். ஒத்திகைகளை எல்லாம் வேடிக்கை பார்த்தவர். காகிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு மேடையில் போய்ப் படுத்துவிட்டேன். அவர் கன்னடம் படித்தவர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது என்பது படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நெற்றியில் காசு, தாடையைச் சுற்றிக் கட்டு, கழுத்தில் மெஷினிலிருந்து கழற்றிய சாமந்தி மாலை. கண்ணை மூடிக்கொண்டேன். மனைவியாக நடித்த பேக்கிங் பிரிவு ஆள் புடவை பற்றிப் பேசினான், ஷெட்டே அதிர்ந்தது. மைத்துனன் வடையைக் கேட்டான், குழந்தைகள் உருண்டு சிரித்தன. என் வயிறு குலுங்காமல் பிடித்துக்கொண்டேன். அடுத்தது தம்பி. பலகை மேல் காலடிச் சத்தம் வந்தது. என் தலைமாட்டில் நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் முகத்தைப் பார்க்காத ஒருத்தனை, மாலை போட்டுப் படுத்திருக்கும் ஒரு அண்ணன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். தெரிந்தே செய்திருந்தால் நான் பாவி. தெரியாமல் செய்ததால் அடிமுட்டாள். எழுந்து ஓடலாம் என்றால் பிணம் ஓடக்கூடாது.

அவன் வசனத்தை மறந்துவிட்டான் என்று நினைத்த ஆனேக்கல்காரர், காகிதத்தில் ஒன்றும் புரியாமல், ஞாபகத்தில் இருந்த ஒரே வார்த்தையைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொடுத்தார். "அண்ணா... அண்ணா..."

அவன் சொன்னான்.

"அண்ணே."

ஆடி மாதத்துக்கு அப்புறம் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் அவன் வாயில் கேட்டேன். முழங்கால் இரண்டும் பலகையில் மோதுகிற சத்தம் கேட்டது. அவன் கை என் கன்னங்களைப் பிடித்தது. கிரைண்டிங்காரன் கை, சொரசொரப்பு. என் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பினான். பார்க்கிறான் என்று தெரிந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மதுரையில பஸ்ஸு கெடைக்கலண்ணே. நான் வாரதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாவ. ஒன் மொகத்தக்கூட காட்டலியேண்ணே."

இது நான் எழுதிய வசனம் இல்லை. முன்வரிசையில் யாரோ கைதட்டி, நல்லா நடிக்கிறான்யா என்றது கேட்டது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. அவன் தலை என் நெஞ்சில் விழுந்தது. வளர்ந்த ஆண்பிள்ளை ஒருத்தன் அப்படி அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேனே. அவன் அழுகை நெஞ்செலும்பு வழியாக எனக்குள் வந்து இறங்கியது.

மோட்டார் சைக்கிள் சாவி வரவே இல்லை. ஆனேக்கல்காரர் பதறிவிட்டார். "எத்தேளோ... எத்தேளோ..." எழுந்திரு என்று கன்னடத்தில் கெஞ்சுகிறார். முன்வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார், விரலை நீட்டினவர். தொண்டையில் இரண்டு பக்க வசனம் தயாராக நிற்கிறது. நான் எழுந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஷெட்டே சிரிக்கும், என் வேலையும் பிழைக்கும். ஆனால் அவன் அழுகை அந்த நிமிஷமே காமெடியாகிவிடும். இன்னொரு தடவை அவன் யார் முன்னாலும் வாய் திறக்கமாட்டான்.

வாழ்க்கையில் ஒரு வசனத்தை நான் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். படுத்தே கிடந்தேன்.

அப்போது மேடைப் பலகை கிறீச்சிட்டது. வளையல் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா ஏறி வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவன் முதுகில் கையை வைத்திருக்க வேண்டும், அவன் உடம்பு ஒரு தடவை நடுங்கி அடங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு அந்தத் தொட்டியடிக் குரல் எழுந்தது.

"பஸ்ஸேறி வருமுன்னே பாதயெல்லாம் மூடிருச்சே
பாக்க வந்த தம்பிக்கு மண்ணுமேடு தெரிஞ்சிருச்சே
வாசலில தண்ணிக்கு நீ வந்து நின்ன எடத்துலதான்
சொம்பெடுத்து நிக்கறமே, லாரிச் சத்தம் கேக்கலியே..."

அவன் அண்ணன் வாசலில் தண்ணீர் குடித்ததை இந்த அக்கா பார்த்திருக்கிறார். லைனே பார்த்திருக்கிறது. எல்லாரும் மனசில் வைத்துக்கொண்டு, எங்கே போய் அழுவது என்று தெரியாமல்தான் இருந்திருக்கிறார்கள். ஓசூரில் எங்களுக்குச் சாவு கிடையாது பாருங்கள். சாவெல்லாம் சொந்த ஊரில். இங்கே லீவுச் சீட்டும் பஸ்ஸும்தான்.

இன்னொரு பெண் ஏறினார், பிறகு இன்னும் சிலர். ஒருவர் தெலுங்கில் எடுத்தார், அவர் அழுதது அவருடைய அம்மாவுக்கு என்று பிறகு சொன்னார்கள். ஆனேக்கல்காரரின் மனைவி கன்னடத்தில் சேர்ந்தார். மூன்று பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒன்றரை, ஆனால் அன்று ஒரு வார்த்தையும் புரியாமல் போகவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம். இத்தனை பேர் ஒருசேரத் தனக்காக அழுவதைக் கேட்கும் பாக்கியம் செத்தவனுக்குக்கூடக் கிடைக்காது. எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிணம் அழுதால் நாடகம் கெட்டுவிடுமே என்று இறுக மூடிக்கொண்டேன். அது ஓரமாக வழிந்து காதுக்குள் போனது.

குரல்கள் மெல்ல அடங்கின. அவன் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தான். தலைமுடியைச் சரிசெய்தான். நெற்றிக் காசை எடுத்தான். பிறகு மூக்கிலிருந்த பஞ்சை உருவினான்.

சாமந்தி மாலை அத்தனை நேரம் மூக்குக்குக் கீழேதான் கிடந்தது. பஞ்சு தடுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் நான் போட்ட தும்மலில் தாடைக்கட்டு அவிழ்ந்து பறந்தது. முன்னால் இருந்த குழந்தை ஒன்று வீரிட்டது. அக்கா "அடப் பாவி" என்று என் காலில் ஒரு அடி போட்டார். அப்புறம் மொத்தக் கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்த முதல் முகம் அவனுடையது. மூக்கு ஒழுக, கண் வீங்கி, சிரித்துக்கொண்டிருந்தான். ஈ.எஸ்.ஐ. டாக்டருக்குக் காட்டும் சிரிப்பு இல்லை. எத்தனை மாதம் ஜோக்காகத் தேய்த்தும் வராதது, ஒரு தும்மலில் வந்துவிட்டது.

மேனேஜர் மேடைப் பக்கம் வந்தார். நாளையிலிருந்து வேறு கம்பெனி தேட வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பொரி எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அண்ணன் படத்தை எடுத்தான். ஆணி கேட்டான். நான் அடித்த ஆணி வளைந்தது, சுவர் பெயர்ந்தது. கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர் வந்து அடித்துக் கொடுத்தார். அக்கா கற்பூரம் கொண்டுவந்தார். லைனே எங்கள் வாசலில் உட்கார்ந்தது. அவன் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. பேசப் பேசத்தான் தெரிந்தது, அந்த மனுஷன் என்னைவிடப் பெரிய கோமாளி என்று. சோதனைச் சாவடியில் அவர் பண்ணிய சேட்டையைக் கேட்டு எனக்கே பொறாமையாக இருந்தது. அன்றைக்கு அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான், ஒன்று என்னுடையது.

அதிலிருந்து எங்கள் லைனில் அது வழக்கமாகிவிட்டது. யாராவது ஊருக்குச் சாவுக்குப் போய்த் திரும்பினால், ஒரு சாயங்காலம் அவர்கள் வாசலில் எல்லாரும் உட்காருவோம். அக்கா எடுத்துக் கொடுப்பார், அவரவர் பாஷையில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அழ வேண்டியவர் அழுவார், பேச வேண்டியவர் பேசுவார். ஒவ்வொரு தடவையும், தேவைப்பட்டால் நான் படுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். துடைப்பத்தைத் தேடுவார்கள்.

நான் இன்னும் ஜோக் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அந்த வியாதி போகவில்லை. ஆனால் துக்க வீட்டுக்குப் போனால் முதலில் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இத்தனை வருஷ என் நடிப்பில் ஒருத்தனுக்கு உண்மையாக உதவியது நான் அசையாமல் படுத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் என்பதை நினைத்தால், கொஞ்சம் அவமானமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருக்கிறது.

அவன் இப்போது ஓசூரிலேயே வீடு கட்டிக் குடும்பமாக இருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு நான் 'பொண மாமா'. போன ஆடியில் அண்ணன் நினைவு நாளுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தவனிடம், நான் நிஜமாகவே செத்தால் அன்றைக்கு மாதிரி அழுவாயா என்று கேட்டேன். மாலை கோணலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னான்:

"மொதல்ல செத்துக் காட்டுலே."